நாற்பத்தாறு கோழிக்கான அளவு

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாப்பிள்ளை வையாபுரிக்கு உன் மச்சான் அர்த்தனாரி எழுதுவது. கடிதம் என்று நினைத்துவிடாதே. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில்தான் படுத்திருக்கிறாய். வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒன்று. இன்னொன்று எங்கே என்று எழுதினால் எழுந்ததும் என்னை அடிக்க வருவாய்.

நோட்டு கொடுத்தது இங்கே இருக்கும் ஜெபசீலி சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துப் பெண். "இங்க கெடந்த நாளு ஒண்ணுமே அவியளுக்கு ஞாபகம் இருக்காது. பெறவு எழும்பி, எது கனவு எது நெசம்னு தெரியாமக் கொழம்புவாவ. அதனால தெனமும் நடந்தத வீட்டாளு யாராவது எழுதி வையுங்க. நல்லானதும் படிக்கட்டும்" என்றார். என் தங்கச்சிக்கு, அதாவது உன் பெண்டாட்டி பாவாயிக்கு, எழுத்து தெரியாது; உனக்கும் தெரியாது, நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் இரண்டு வருஷம் படித்த ஐந்தாம் வகுப்பு. வாத்தியாருக்கு என்னை விட்டுப் பிரிய மனசில்லை. அதனால் இந்த வேலை எனக்கு வந்தது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மூன்றாவது ஷெட்டில் கோழிக்குத் தீவனம் தள்ளிக்கொண்டிருந்தாய். திடீரென்று உடம்பு உதறியது. பல் தந்தியடித்தது. "என்ன மாப்ளே, ஆடிக்கு வராத சாமி ஆடி முடியற நேரத்துக்கு வருது?" என்று கேட்டேன். நாலு பொம்பளைகள் சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய். பத்து மணிக்குத் தீவன மூட்டை மேல் சாய்ந்துவிட்டாய். தலை கொதித்தது, கை மட்டும் சில்லென்று இருந்தது. என் பெயரைக் கேட்டால் உன் அப்பன் பெயரைச் சொன்னாய். அப்புறம்தான் சிரிப்பை நிறுத்தினேன்.

நூற்றியெட்டு வண்டியில் சேலம். இங்கே டாக்டர் ரெஹானா என்று ஓர் அம்மா. குட்டையான ஆள், வேகமான பேச்சு. "சிறுநீர்ப் பாதையில இருந்த கிருமி ரத்தத்துல ஏறிருச்சு. பிரஷர் எழுபதுதான் இருக்கு. ஒரு மணி நேரத்துக்குள்ள கிருமிக்கு மருந்து ஏறணும். கேக்கறதுக்குச் சட்டுனு பதில் சொல்லுங்க" என்று நின்றபடியே கேட்டார். சர்க்கரை உண்டா? முன்னால் எந்த ஆஸ்பத்திரியிலாவது படுத்திருந்தாரா? இந்த மூன்று மாதத்தில் காய்ச்சலுக்கோ நீர்க்கடுப்புக்கோ மாத்திரை, ஊசி ஏதாவது?

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். தலவலிக்குக்கூட மாத்திரை போடாத மனுசனுங்க" என்றாள் பாவாயி.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன்.

உடனே சிஸ்டரிடம் ஒரு மருந்தின் பேரைச் சொன்னார். அதைத் தொங்கவிட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள், எழுதியாயிற்று.


ஆகஸ்ட் 13, மாலை

ஐந்து மணிக்கு ஒருவர் ஒருவராக உள்ளே விட்டார்கள். உன் தலைமாட்டில் ஒரு பம்பு இருக்கிறது. விழுந்த பிரஷரைத் தூக்கி நிறுத்தும் மருந்து அதில் ஓடுகிறது. காலையில் அதில் எட்டு என்று ஓடியது. இப்போது பதினெட்டு. நம் பிழைப்பில் எண் கூடினால் சந்தோஷம். இங்கே கூடக்கூடாதாம்.

பாவாயி உன் காலைத் தொட்டுவிட்டு வந்தாள். "ஐசுக்கட்டியாட்டம் இருக்குதுண்ணா" என்றாள். "அவன் காலு எப்பவுமே அப்படித்தான். கல்யாணத்துல மெட்டி போட நான் புடிச்சப்பவே பாத்தேன்" என்றேன். உனக்கு யாரும் மெட்டி போடவில்லை, அவளைச் சிரிக்க வைக்க நானே சொன்ன பொய். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் நடையில் என்னை நிறுத்தினார். "நீங்களும் அவரும் ஒரே பண்ணையிலயா வேலை?"

"ஆமாங்க. ஒரே ஷெட்டுங்க."

"உங்க தங்கச்சிக்குத் தெரியாம, பக்கத்துல மருந்துக் கடையில ஏதாவது வாங்கிப் போட்டிருப்பாரா?"

"மருந்துக் கடைக்கே போனதில்லீங்க" என்றேன். இது சத்தியமான வார்த்தை, மாப்பிள்ளை. நீ போனதே இல்லை.


ஆகஸ்ட் 14, புதன்

காலை எட்டு மணிக்கு பம்பில் இருபத்தாறு. கட்டிலில் தொங்கும் சிறுநீர் பிடிக்கும் பை காலியாகக் கிடந்தது. சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். பாவாயி தன் பேரை எழுதினாள். 'யி'க்குச் சுழி போட மறந்துவிட்டாள். நான் போட்டுக் கொடுத்தேன்.

டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். டாக்டர்கள் உட்கார வைத்துப் பேசினால் நல்லதில்லை என்று நேற்றே இந்த ஹாலில் இருப்பவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"ரத்தத்தை எடுத்து வளர்த்துப் பாத்தாத்தான் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியும். அதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருந்தா ஆளு இருக்க மாட்டாரு. அதனால மொதல் மருந்தை நாங்க ஊகிச்சுத்தான் தேர்ந்தெடுக்கறோம். வயசு, வீடு, வேலை, முன்னால போட்ட மருந்து, இதை வெச்சுத்தான் ஊகம். இவருக்கு நாங்க போட்ட ஊகம் சரியில்லையோன்னு தோணுது."

"இருக்கறதுலயே பெரிய மருந்த மொதல்லயே போட்டிருக்கலாமில்லீங்க?"

"வர்ற எல்லாருக்கும் அதையே ஊத்துனா கிருமி அதுக்கும் பழகிரும். அப்புறம் அடுத்த கட்டில்காரருக்கு நான் எதைக் குடுக்கறது? மருந்தே தொடாத ஆளுன்னு சொன்னீங்க. அந்த மாதிரி ஆளுக்குக் கேக்கற மருந்தைத்தான் குடுத்தோம்."

அப்போது பாவாயி என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குப் பசிக்குது. கீழ போயி நாலு இட்லி வாங்கியா ஆயா" என்று தங்கச்சியிடம் சொன்னேன். போனாள்.

அப்புறம் சொன்னேன்.

உனக்கு இது தெரியும். ஆனால் ஞாபகம் இருக்காது என்று சொல்கிறார்களே, அதனால் எழுதுகிறேன். சித்திரையில் ஒண்ணுக்குப் போகையில் எரிகிறது என்று என்னிடம்தான் சொன்னாய். டாக்டரிடம் போக வெட்கம். போனால் எந்த ஊரில் எவளிடம் போனாய் என்று கேட்பார்கள் என்று பயந்தாய். நீ சொன்னதும் நான்தான் முதலில் கேட்டேன், "எவடா அவ?" என்று. அதிலேயே உனக்குப் பாதி உசிர் போயிற்று. "பாவாயிகிட்டச் சொல்லீராத மச்சான்" என்று கையைப் பிடித்தாய். சொல்லவில்லை. மருந்து ரூமிலிருந்து கோழிக்குச் சளிக்கும் கழிச்சலுக்கும் தண்ணீரில் கலக்கும் பவுடரை எடுத்தேன். டப்பாவில் கோழிக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. ஒரு கோழி ஒன்றரைக் கிலோ. நீ அறுபத்தொன்பது. தீவன மூட்டை எடை போடும் தராசில் உன்னை நிற்க வைத்துத்தானே பார்த்தேன். வகுத்தால் நாற்பத்தாறு கோழி. நாற்பத்தாறு கோழிக்கு உண்டானதை மோரில் கலந்து கொடுத்தேன். மூன்று நாளில் எரிச்சல் நின்றது. "கொக்கரக்கோ சொல்லு பாப்பம்" என்றேன், நீ சொன்னாய். வைகாசிக் கடைசியில் திரும்ப வந்தது, திரும்பக் கொடுத்தேன். ஆடியில் மூன்றாம் தடவை. ஒவ்வொரு தடவையும் எரிச்சல் நின்ற அன்றே நிறுத்திவிடுவோம். மருந்து ரூமில் குறைந்தால் மேஸ்திரி கேட்பாரே.

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஜெபசீலி சிஸ்டரின் உதடு ஒரு கணம் கோணியது, நாற்பத்தாறு கோழி என்றபோது. டாக்டர் பார்த்த பார்வையில் நேரானது.

"மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் அரைகுறையா. தப்பிப் பிழைச்ச கிருமிதான் இப்ப உள்ள இருக்கு" என்றார். என்னிடம் சொன்னது மாதிரியே இல்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. உடனே எழுந்து உள்ளே போனார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி பத்து நிமிஷம். ஒன்பதரைக்குப் பழைய பாட்டிலைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள்.

திரும்ப வந்து, "அந்த டப்பா வேணும். எதெது கலந்திருக்குன்னு பாக்கணும்" என்றார்.

"கொண்டாறனுங்க. டாக்டரம்மா, தங்கச்சிக்குத் தெரிய வேண்டாமுங்க."

"என் வேலை அவரைக் காப்பாத்தறது. அது உங்க வேலை" என்றார்.

பாவாயி இட்லி வாங்கி வந்தாள். நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருக்க, பசி மயக்கம் என்று நினைத்து, பிய்த்துச் சட்னியில் தொட்டுக் கொடுத்தாள். தின்றேன்.

பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போய் டப்பாவைச் சோறு கொண்டுபோகும் தூக்குப் போசிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அன்பளிப்பு வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் டாக்டர்.


ஆகஸ்ட் 15, வியாழன்

வாசலில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பம்பில் இருபத்தைந்து. உன் மிட்டாய் என் சட்டைப் பையில் இருக்கிறது, உருகிக்கொண்டிருக்கிறது.


ஆகஸ்ட் 16, வெள்ளி

பன்னிரண்டு!

ரத்தம் வளர்த்த சீட்டும் வந்துவிட்டது. திங்கட்கிழமை போட்ட மருந்துக்கு இந்தக் கிருமி மசியாதாம். புதன்கிழமை மாற்றியதற்கு மசியும். டாக்டர் சீட்டைக் காட்டிச் சொன்னார். நான் கேட்டேன், "திங்கக்கெழமையே சொல்லியிருந்தா?"

"ரெண்டு நாள் மிச்சமாயிருக்கும்."

"அந்த ரெண்டு நாளு என்ன பண்ணியிருக்குமுங்க?"

அவர் சீட்டை மடித்தார். "இடது கால்ல ரெண்டு விரல் கறுத்திருக்கு. ரத்தம் போகல. அது திரும்புமான்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் முன்னால மாத்தியிருந்தா கறுத்திருக்காதான்னு கேட்டா, அதையும் சொல்ல முடியாது. கறுக்காம இருந்திருக்கலாம்."

இப்படிப் பேசும் டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.


ஆகஸ்ட் 18, ஞாயிறு

பம்பில் மூன்று. சிறுநீர் ஒரு டம்ளர் வந்திருக்கிறது. உன் மூத்திரத்தைப் பார்த்து நான் கும்பிடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா?

பாவாயி மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "சித்திரையில இருந்தே அவரு மூணு தரம் நாலு தரம் எந்திரிச்சுப் போவாருண்ணா. நான் தூக்கம் கெடுதுன்னு சலிச்சுக்கிட்டேன். என்னங்க, ஏதுங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கூட்டிட்டுப் போயிருப்பேன். நாந்தான் இப்படிப் படுக்கப் போட்டுட்டேன்" என்றாள். அழவில்லை. பல நாளாக யோசித்து முடிவு பண்ணிவிட்டவள் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அப்படியெல்லாம் இல்ல ஆயா" என்றேன்.

"பின்ன எப்படி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் பங்குச் சோற்றையும் சேர்த்து நான்தான் தின்றேன்.


ஆகஸ்ட் 19, திங்கள்

டாக்டர் ரெஹானா என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஏதோ கெட்ட செய்தி என்று நின்றுகொண்டே இருந்தேன். "உக்காருங்க, இது வேற" என்றார்.

"இந்தப் பக்கம் பண்ணைக்காரங்க நிறையப் பேர் வர்றாங்க. ரெண்டு தடவை கேட்டும் நீங்க சொல்லல. எப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க?"

என்னை ஒருவர் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. தேர்தலில்கூடக் கேட்டதில்லை.

யோசித்துச் சொன்னேன். "பொண்டாட்டிய பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேக்காதீங்க. அப்பறம், சாப்டாரா இல்லியான்னு கேட்டா இல்லைன்னுதான் வாயில வருமுங்க. திருட்டுப் பண்டம் பாருங்க. அதுக்குப் பதிலா, 'இங்க வர்றவங்க எல்லாருமே ஏதாவது ஒண்ணு போட்டுட்டுத்தான் வர்றாங்க. கோழி மருந்து, மாட்டு மருந்து, பக்கத்து வீட்டு மாத்திர. உங்காளு என்ன போட்டாரு?'ன்னு கேளுங்க. ஊரே செஞ்ச தப்புன்னா சொல்றதுக்கு வெக்கமில்லீங்க."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பக்கத்து வீட்டு மாத்திரை என்பதற்குக் கீழே கோடு போட்டார்.

"டாக்டருகிட்டச் சொல்றதுக்கு வழி சொல்லிட்டேனுங்க. கூடப் பொறந்தவகிட்டச் சொல்றதுக்கு ஏதாவது வழி இருக்குங்களா?" என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

குழாயை எடுத்துவிட்டார்கள். நீ பேசிய முதல் வார்த்தை: "தண்ணி." இரண்டாவது: "எவன்டா என்ற வேட்டிய அவுத்தது?"


ஆகஸ்ட் 22, வியாழன்

வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டில். பாவாயி துணி அலசப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"மச்சான், பவுடரு விசயம் சொல்லிட்டியா?"

"டாக்டருகிட்டச் சொன்னேன். சொல்லாட்டி நீ இப்ப கேட்டிருக்க மாட்ட."

"பாவாயிகிட்ட?"

"இல்ல."

"சொல்லீராத. அவளுக்குத் தெரியாம மூணு மாசம் மறச்சேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். எனக்காகச் சொல்றேன்னு நெனைக்காத. உன்ன மன்னிக்கவே மாட்டா."

"அவ மத்தியானம் சாப்பிடறதில்ல, தெரியுமா?"

"ஏன்?"

ஏன் என்று சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சொல்லாதே என்று மறுபடி நீ சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. எப்போதும் இந்த மாதிரி வேலையை என் தலையில்தான் கட்டுவாய்.


ஆகஸ்ட் 23, வெள்ளி

இரண்டு பேருக்கும் நோட்டைப் படித்துக் காட்டினேன். பாவாயிதான் கேட்டாள். "அப்படி என்னதான் பத்து நாளா எழுதின, படிண்ணா" என்றாள்.

மெட்டி இடத்தில் சிரித்தாள். பதிமூன்றாம் தேதி முடிந்தது. அடுத்த பக்கத்தைச் சேர்த்துத் திருப்பி, பதினைந்தாம் தேதிக் கொடியேற்றத்துக்குப் போய்விடலாம். எழுத்து தெரியாதவளுக்கு எது தெரியப்போகிறது? இதை நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதினாலாம் தேதியைப் படித்தேன். மெதுவாகத்தான் வந்தது. என் எழுத்தே எனக்குப் புரியாத மாதிரி இருந்தது.

முடித்ததும் நோட்டை மடியில் வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். உன்னைத்தான் கேட்பாள், ஏன் மறைத்தாய் என்று, அல்லது என்னைத்தான் அடிப்பாள் என்று இருந்தேன்.

"நான் இட்லி வாங்கப் போனப்பவா?" என்றாள்.

"ஆமா ஆயா."

"வாங்கியாந்து உனக்குப் பிச்சுக் குடுத்தேன்."

"ஆமா."

"தின்ன."

எழுந்து போய்விட்டாள். கடைசி வரை மீதிப் பக்கத்தைக் கேட்கவில்லை. மத்தியானம் அவள் சாப்பிட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். முழுச் சாப்பாடும் சாப்பிட்டாள்.


ஆகஸ்ட் 24, சனி

பேசவில்லை.


ஆகஸ்ட் 26, திங்கள்

பேசவில்லை. டீ இரண்டு வாங்கி வருகிறாள். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் அந்தப் பக்கம் போனதும் நீ பாதியை என் பக்கம் தள்ளினாய். வேண்டாம் என்றேன். இதையும் மறைத்துக் குடிக்க வேண்டுமா?

கால் டாக்டர் வந்து பார்த்தார். கறுத்த விரல் இரண்டும் தானாகக் காய்ந்து உதிரட்டும், அடுத்த மாதம் கொண்டுவாருங்கள் என்றார். எட்டு விரல் போதும் நடக்க என்று நீதான் சொன்னாய். அந்தத் தமாஷை நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.


ஆகஸ்ட் 28, புதன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். இது கடைசிப் பக்கம், இதற்கு மேல் உனக்கே ஞாபகம் இருக்கும்.

ஜெபசீலி சிஸ்டர் கீழே இறங்கி வந்து மாத்திரையோடு நின்றார். "வீட்டுல யாருகிட்டச் சொல்லணும்? இந்தக் கிருமி மாத்திரைய ஒரு வேளகூட விடப்பிடாது. நல்லாயிட்டுன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது" என்றார்.

பாவாயி உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். ஐந்து நாளாக என்னோடு பேசாதவள், இப்போதும் என்னோடு பேசவில்லை. என் பக்கம் கையைக் காட்டி சிஸ்டரோடுதான் பேசினாள்.

"அந்தாளுகிட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுல படிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். எத்தன நேரம், எத்தன நாளுன்னு நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கட்டும். சொந்தமாக் கணக்குப் போட வேண்டாமுன்னு சொல்லுங்க."

நீ சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து அதை இருமலாக்கினாய்.

நான் சிரிக்கவில்லை. எழுதினேன். வெள்ளை மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஏழு நாள். மஞ்சள் மாத்திரை காலையில் மட்டும், வெறும் வயிற்றில். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

பாவாயி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளை எது, மஞ்சள் எது என்று பார்த்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டாள்.

"சிஸ்டர், இன்னொருக்கா படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

படித்தேன்.